பெருக்கித் தள்ளிய காடு

இமயமலைச் சரிவில், பைனும் தேவதாருவும் அடர்ந்த காட்டுக்குள் ஒரு குடிசை. அங்கே இருந்த பெண் துறவி ஞானவடிவுக்கு நாற்பது வயதுகூட இராது. சீடர் பேச்சிமுத்துவுக்கோ தலை முழுக்க நரை. மகளைச் சாகக் கொடுத்துவிட்டு, தாமிரபரணிக் கரையிலிருந்து வந்து சேர்ந்தவர்.

வந்த அன்றே கேட்டுவிட்டார்.

"தாயே, அவ நினைப்பு துளி இல்லாம மனசு சுத்தமாகணும். ஒரு வழி சொல்லுங்க."

"இருங்க, பார்ப்போம்" என்றார் ஞானவடிவு.

சும்மா இருக்கிற ஆளா பேச்சிமுத்து? விடிந்தால் வாசல் கூட்டியே பழகிய கை. குச்சிகளைச் சேர்த்துத் துடைப்பம் கட்டினார். குடிசை வாசலில் கிடந்த ஊசியிலைச் சருகைக் கூட்டினார். அப்புறம் அவர்கள் தண்ணீர் எடுக்கிற சுனை வரைக்கும். அப்புறம் சுனைக்கு மேலே மேட்டில், ஒரு மரம் விடாமல். சருகெல்லாம் பள்ளத்தில் குவிந்தது, தரை பளிச்சென்று ஆனது. துறவி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் தடுக்கவில்லை என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது.

கோடை வந்தது. மூடுபனி இறங்குவது நின்றுபோனது.

ஒரு நண்பகல், காற்றே இல்லை. தலைக்கு மேலே 'டக்' என்றது. யாரோ நெட்டி முறிக்கிற சத்தம். பிறகு பக்கத்து மரத்தில். பிறகு அதற்கும் அப்பால். கொஞ்ச நேரத்தில் காடு மொத்தமும் நெட்டி முறித்தது, ஒரு கிளைகூட அசையவில்லை. சிறகு வைத்த விதைகள் சுழன்று சுழன்று இறங்கி, கூட்டிய தரையில் அப்படியே கிடந்தன.

பேச்சிமுத்து அண்ணாந்து பார்த்தார்; யாரும் தெரியவில்லை. முகம் கழுவலாமென்று சுனைக்குப் போனார். சுனையில் சேறுதான் இருந்தது.

"தாயே, மேல யாரோ இருக்காங்க. சுனையும் வத்திப்போச்சு. இனி இங்க எப்படி இருக்கிறது?"

"யாருமில்ல ஐயா. பைன் காய் விரியுது. காத்துல ஈரம் இருந்தா மூடிக்கிடும். வறண்டா வாயைத் திறக்கும்."

"சுனை?"

ஞானவடிவு அவரை மேட்டுக்கும் அப்பால், துடைப்பம் படாத இடத்துக்குக் கூட்டிப்போனார். சருகைக் காட்டினார்.

"கையை உள்ள விடுங்க."

மேலே சருகு சுட்டது. முழங்கை வரை இறங்கியதும் சில்லென்றது. வெள்ளை நூலாகப் பூஞ்சை விரல்களைச் சுற்றியது. குழந்தை விரலைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு. உடம்பு சிலிர்த்தது, ஆனாலும் கையை எடுக்க மனசு வரவில்லை. எடுத்தபோது கை நனைந்திருந்தது.

"இது எப்பவோ வந்த மூடுபனி" என்றார் துறவி. "ஊசியிலை அதை வாரிச் சொட்டவிடும். சருகு குடிச்சு வச்சிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா சுனைக்கு அனுப்பும்."

பேச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். அவர் கூட்டிய மேடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"செத்த குப்பைன்னு நினைச்சுட்டேனே, தாயே."

கோணிப்பையை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். சருகை அள்ளிச் சுமந்துவந்து மேட்டில் கொட்டினார். திரும்பவும் இறங்கினார். தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெயில் சாய்ந்தபோது மூச்சு வாங்க நின்றார்.

"நான் வந்த அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே."

ஞானவடிவு ஒரு கை சருகை அள்ளி வெடிப்பின் மேல் பரப்பினார்.

"உங்க மக பேரை இதுவரைக்கும் நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலையே, ஐயா. அவ பேரு என்ன?"