கக்கூஸின் வேர்

“எனக்குப் பின்னாடி வந்தவங்களுக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டீங்க. எனக்கு மட்டும் ஏம்மா இல்லை?”

கேட்டவர் தில்லைநாயகம், ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். கேட்கப்பட்டவர் நாகப்பட்டினம் கடற்கரை மடத்துச் சாமியம்மா. வயதில் அவரைவிட ரொம்பச் சிறியவர். அதுவே பேராசிரியருக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

“உங்களுக்கு என்ன தெரியும், வாத்தியாரே?”

“சொற்களோட வேர் தெரியும்.”

சாமியம்மா பின்பக்கம் கை காட்டினார். அங்கே ஒரு தகரக் கதவு.

“அதுக்குப் பேரு?”

“கழிப்பறை.”

“அவசரத்துல ஓடுறப்போ என்ன சொல்வீங்க?”

“கக்கூஸ்.”

“அதோட வேர்?”

பேராசிரியருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வகுப்பில் நிற்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“டச்சுக்காரங்க விட்டுட்டுப் போன சொல், அம்மா. இந்த ஊரை ஆண்டவங்களாச்சே. அவங்க பாஷையில ‘கக்’னா மலம், ‘ஹுய்ஸ்’னா வீடு. கடல் தாண்டி வந்து நம்ம கொல்லையில குடியேறிடுச்சு.”

“உங்க வீட்டுக் கொல்லையிலயும் இருந்துச்சா?”

“சின்ன வயசுல இருந்துச்சு. எடுப்புக் கக்கூஸ். காலையில ஒருத்தி பின்சந்து வழியா வந்து வாளியில அள்ளிட்டுப் போவா.”

“அவங்க பேரு?”

“பேரு தெரியாதே, அம்மா.”

“என்னன்னு கூப்பிடுவீங்க?”

அவர் தரையைப் பார்த்தார்.

“கக்கூஸ்காரி.”

சொன்ன பிறகு அவரால் நிமிர முடியவில்லை. அவமானமாக இருந்தது.

“இந்த வேரையும் தேடிட்டு வாங்க. உபதேசம் அப்புறம்” என்றார் சாமியம்மா.

அன்றே சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார். ஆள் திரும்பி வந்தபோது பாதியாகியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வயசானவங்க ஒருத்தர் விடாம கேட்டுட்டேன், அம்மா. அத்தனை வீட்டுக்கும் வந்தவ. ஒருத்தருக்குக்கூடப் பேர் தெரியல. வெட்கமா இருக்கு.”

“எந்தத் தெருவுல கேட்டீங்க?”

“எங்க தெருவுல.”

“அவங்க தெருவுல?”

தில்லைநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “அவங்க தெரு எங்கே இருக்குன்னுகூட எனக்கு…”

அதை அவர் முடிக்கவில்லை. எழுந்துபோய், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.