அக்கரைக்குக் கேட்கும் பெட்டி

காஜா பாயிடம் ஒலிபெருக்கித் தொழில் கற்க வந்தவர்களில் உலகநாதன் ஒருவன்தான் பாடகன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் தொழிலில் பாய் சொல்வதுதான் அவனுக்கு வேதம்.

ஆற்றின் தென்கரையில் கோயில் கொடைத் திருவிழா. மாலையில் உலகநாதனின் கச்சேரி. காலையில் பெட்டிகளை இறக்கும்போது அவன் கேட்டான்.

"பாய், எத்தனை இஞ்ச் ஸ்பீக்கர் போட்டா அக்கரை வரைக்கும் கேக்கும்?"

"கூட்டம் இக்கரையிலல்லா இருக்கு?"

அவன் ஆற்றுக்கு அப்பால் பார்த்தான். கரையை ஒட்டி ஓர் ஓட்டு வீடு.

"அக்கா அங்க இருக்கா."

அவனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததே கோமு அக்காதான். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, அவளை நேரில் போய் அழைக்காமல் பத்திரிகையை ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டான். அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க இவனும் போகவில்லை. அதிலிருந்து பேச்சில்லை.

"அவ சொல்லித்தந்த பாட்டைத்தான் இன்னைக்குப் பாடப்போறேன். வாசல்ல நின்னு கேட்டாப் போதும் பாய். வேற ஒண்ணும் வேண்டாம்."

பாய், தம்மிடம் இருப்பதிலேயே பெரிய பதினெட்டு இஞ்ச் பெட்டிகளை ஆற்றைப் பார்க்கத் திருப்பினார். உலகநாதன் எப்போதோ பாடிப் பதிவுசெய்த பாட்டு ஒன்றை ஓடவிட்டார். இடுப்புச் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார்.

"வாரும்வே."

முழங்கால் அளவுத் தண்ணீர்தான். இருவரும் இறங்கி நடந்தார்கள். அக்கரையில் ஒருவர் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாட்டு கேக்குது அண்ணாச்சி?" என்றார் பாய்.

"பாட்டா? யாரோ உலக்கை போடுத மாதிரில்லா இருக்கு."

உலகநாதன் காதைக் கொடுத்துக் கேட்டான். தும் தும் என்ற அதிர்வு மட்டும் தண்ணீரைத் தாண்டி வந்தது. குரல் வரவில்லை.

"குழாய் ஸ்பீக்கர் கட்டினா?"

"வார்த்தை வரும். பாடுறது நீரா நானான்னு தெரியாது."

"பெட்டியை இன்னும் கூட்டினா?"

"உலக்கையும் கூடும்."

மாட்டுக்காரர் சிரித்தார். உலகநாதன் சிரிக்கவில்லை. ஓட்டு வீட்டின் கதவு திறந்திருந்தது. கொடியில் ஒரு பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவ காதுல என் குரல் என் குரலாவே விழணும் பாய். அதுக்கு எந்தப் பெட்டி?"

பாய் அதற்குள் திரும்பிப் போகத் தண்ணீரில் இறங்கியிருந்தார். உலகநாதனும் பின்னாலேயே காலை வைத்தான்.

"நீரு எங்கவே வாரீரு?" என்றார் பாய். "நான் போய் அக்காவுக்கு முன்வரிசையில நாற்காலி போடுதேன். அங்க உக்காந்து கேக்க எட்டு இஞ்சே அதிகம்."