செங்கோடனின் இடது கால்

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தொன்று. சிரிக்காதீர்கள், லாரித் தொழிலில் இப்போதெல்லாம் அப்படித்தான் நடக்கிறது.

சீடரின் பெயர் செங்கோடன், ஊர் சங்ககிரி. இருபத்தேழு வருடம் கியர் போட்டு லாரி ஓட்டியவர். அவர் கியர் மாற்றினால் பக்கத்து சீட்டில் தூங்குகிறவனுக்குத் தூக்கம் கலையாது என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருக்கட்டுமே!

முதலாளி பத்துப் புது லாரி வாங்கிவிட்டார். அதில் கிளட்ச் கிடையாது. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். மூன்று நாள் பயிற்சியில் தேறினால் புது வண்டி, தேறாவிட்டால் கிடங்கு வாசலில் வாட்ச்மேன் வேலை. அங்கே கிடக்கும் வாட்ச்மேன் நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தருமபுரிக்கு வெளியே பயிற்சி மைதானம். கற்றுத் தருகிறவள் கோகிலவாணி. ஆறு வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். அதிர்ந்து பேசமாட்டாள்.

முதல் நாள் வண்டி பத்தடி நகர்ந்தது. செங்கோடனின் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய், அங்கே இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தது. பெல்ட் போடாமல் இருந்திருந்தால் இரண்டு பேர் மூக்கும் கண்ணாடியில்தான்.

"காலை மடக்கி வெச்சுக்குங்கண்ணா."

மடக்கித்தான் வைத்தார். அது எப்போது கீழே இறங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடியும் ஒரு மிதி. இரண்டாம் நாள் பதினோரு தடவை. வேலியோரம் டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற டிரைவர்கள் ஒவ்வொரு மிதிக்கும் "ஓ!" என்று கூச்சல் போட்டார்கள். கூடப் பழகிய பயல்கள்தான், பாவிகள்.

மூன்றாம் நாள் காலை செங்கோடன் வண்டியில் ஏறவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். கியரை வண்டியே போட்டுக்குது. கிளட்சையும் அதுவே பாத்துக்குது. அப்பறம் டிரைவர் எதுக்கு?"

கோகிலவாணி வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாள்.

"துண்டு வெச்சிருக்கீங்களாண்ணா?"

"இருக்குது."

"கண்ணைக் கட்டிக்கிட்டு எம் பக்கத்துல உக்காருங்க. நான் ஓட்டறேன். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, எப்பக் கியரை ஏத்தோணும், எப்ப எறக்கோணும்னு சொல்லிக்கிட்டே வாங்க."

"என்ன, வெளையாட்டா?"

"ஆமாங்கண்ணா."

பின்னால் இருபத்தைந்து டன் ஜல்லி. செங்கோடன் ஆயிரம் தடவை ஏறி இறங்கிய தொப்பூர் கணவாய்ப் பக்கம் வண்டி கிளம்பியது.

"ஏத்து," என்றார் செங்கோடன். வாயை மூடுவதற்குள் இன்ஜின் சத்தம் மாறியது.

"ஏத்திருச்சுங்க."

"ஏத்து... இன்னொண்ணு... ம், மேடு வருது, எறக்கு."

"எறக்கிருச்சுங்க."

பத்து, பதினைந்து தடவை இப்படியே. அவர் சொல்வதும் வண்டி செய்வதும் ஒன்றாகவே இருந்தன. செங்கோடனுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. அட, என்னை மாதிரியே போடுதே! வண்டிமேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது.

டீக்கடை வாடை வந்தது. சாலை இடப்பக்கம் வளைந்து நேரானது. கொஞ்ச தூரம் சமதளம். இன்ஜின் இலேசானதும் வண்டி தானாகவே ஒரு கியரை ஏற்றிக்கொண்டது.

"ஏய், ஏத்தாதே! எறக்கு! எறக்கு அம்மிணி!"

"ரோடு மட்டமாத்தானே இருக்குதுங்கண்ணா."

"மட்டமாவது மண்ணாங்கட்டியாவது! முன்னால சரிவு வருது! எறக்கு!"

டக், டக்கென்று இரண்டு சத்தம். வேண்டும்போது கையாலேயே கியர் இறக்க, ஸ்டியரிங் பக்கத்தில் சின்னக் குச்சி ஒன்று உண்டு. அதை அவள் தட்டியிருந்தாள். வண்டி உறுமி, வேகம் அடங்கியது. அப்புறம்தான் முன்பக்கம் தாழ்ந்தது. இருபத்தைந்து டன்னும் பிரேக்கைத் தொடாமலே மெல்ல மெல்லக் கீழே இறங்கின.

அடிவாரத்தில் வண்டி நின்றதும் செங்கோடன் துண்டை உருவினார். முகமெல்லாம் வேர்வை.

"அது ஏன் எறக்கல?"

"முன்னால வர்றது அதுக்குத் தெரியாதுங்கண்ணா. சக்கரம் சரிவுல வெச்சாத்தான் தெரியும்."

"வெச்சப்பறம் எறக்குனா பின்னால இருக்கற பாரம் சும்மா உடுமா?"

"உடாதுங்க."

"அதுக்குத் தெரியாதுன்னா... எனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? கண்ணைக் கட்டியில்ல இருந்துது?"

அவள் இறங்கி, சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். செங்கோடன் நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

மேலே ஏறிப்போய், திரும்பி, மறுபடியும் அதே கணவாயில் இறங்கினார். ஏற்றத்தில் வண்டியை அதன் போக்கில் விட்டார். சமதளம் வந்ததும், அது கியரை ஏற்றுவதற்கு முன்னால், குச்சியைத் தட்டி இறக்கினார். நடை பழகும் பிள்ளையைக் கைபிடித்துப் படியிறக்குவதுபோல வண்டியை இறக்கினார். மனசு நிறைந்து, வாய் தானாக ஏதோ முணுமுணுத்தது.

மைதானத்துக்குள் வண்டி நுழைந்தபோது வேலியோரம் டம்ளரோடு எல்லாரும் காத்திருந்தார்கள். ஒருவனுக்கும் "ஓ" போட வாய்ப்புக் கிடைக்கவில்லை. கோகிலவாணி தாளில் 'தேறினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

செங்கோடன் இறங்கி, தன் இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, இன்னைக்கு இதை மடக்கி வெக்கவே மறந்துட்டேன். ஆனா ஒரு மிதிகூட மிதிக்கல. என்னாச்சு இதுக்கு?"

கோகிலவாணி சாவியை அவர் கையில் வைத்தாள்.

"தனக்கு வேலை போயிருச்சுன்னு பயந்துதானுங்கண்ணா அது மிதிச்சுக்கிட்டிருந்துச்சு."