கீழ்த்தட்டில் இருந்த புத்தகம்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னே, கண்ணுங்களா, மந்தாரபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ராஜா கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் பெரிய நூலகம். அதைக் காத்தவன் பூட்டுமுனி என்கிற மந்திரவாதி. பிள்ளைகள் கை பட்டால் அழுக்காகிவிடும் என்று நல்ல புத்தகங்களை எல்லாம் உச்சித்தட்டில் ஏற்றிவைத்திருந்தான்.

பள்ளிக்கூடம் பெருக்க வருகிறவள் தங்காயி. அவள் மகள் மருதாயிக்கு நாலு வயசு. ஒருநாள் குழந்தை மேலே பார்த்துப் பார்த்து அழுதது. பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லை. ஏணி போட்டு ஏறி, ஒரு யானைப்படப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பூட்டுமுனி பார்த்துவிட்டான்.

"புத்தகத்து மேல அவ்வளவு ஆசையா? நீயும் புத்தகமாப் போ."

"சாமி, எந்த இடத்துல இருக்கணும்னு மட்டும் நானே பார்த்துக்கறேன்."

"எங்கேயோ இருந்து தொலை."

அப்புறம் தங்காயி இல்லை. விளக்குமாறு மட்டும் கிடந்தது.

"எங்கம்மா எங்கே?" என்றது குழந்தை.

"தேடிக்கோ. மூணு வருஷத்துக்கு ஒரு தரம் கதவு திறப்பேன். ஒரு தரத்துக்கு ஒரு புத்தகம்தான் தொடலாம். மூணு தரமும் தப்பினா உங்கம்மா காலத்துக்கும் காகிதம்தான்."

ஏழு வயசில் மருதாயி வந்தாள். தங்க எழுத்துப் போட்ட புத்தகத்தைத் தொட்டாள்.

"அது உங்கம்மா இல்லடி, போயிட்டு வா." கதவு சாத்திக்கொண்டது.

பத்து வயசில் வந்தாள். அம்மா சேலை மாதிரி பச்சை அட்டை. தொட்டாள்.

"அது உங்கம்மா இல்லடி, போயிட்டு வா."

பதின்மூன்று வயசில் வந்தபோது அம்மா முகமே பாதி மறந்திருந்தது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. பொரியோ தண்ணீர்ச் சொம்போ, அம்மா எதையும் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைப்பாள். மருதாயி கையை நீட்டினாள். நீட்டிய கை நின்றது. அம்மா போனபோது நான் இவ்வளவு உயரம் இல்லையே.

மண்டி போட்டாள். கீழ்த்தட்டில், தூசிக்குள்ளே, ஒரு ஒல்லிப் புத்தகம். தொட்டாள்.

பூட்டெல்லாம் தெறித்தது. பூட்டுமுனி புகையாய்ப் போனான். தங்காயி அதே பழைய சேலையில் எதிரே நின்றாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொள்ளக் குனிந்தாள். தூக்க முடியவில்லை.

"கனக்கிறியேடி."

"ஒன்பது வருஷம் ஆச்சும்மா."

விஷயம் கேட்டு ராஜா ஓடிவந்து மருதாயியைப் பார்த்தார். "என்ன வேணும் கேளம்மா" என்றார்.

"புத்தகத்தைக் கீழே இறக்கச் சொல்லுங்க ராஜா. சின்னதுங்க கைக்கு எட்டணும்."

அன்றிலிருந்து மந்தாரபுரியில் எந்தப் பிள்ளையும் புத்தகத்துக்காக அழவில்லை. தங்காயி அந்த யானைப்படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மருதாயி வந்து மடியில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் வெளியே நீண்டு கிடந்தது. அப்படியே முதல் பக்கத்தைப் பிரித்தார்கள்.