கோழிக்குக் கிடைத்த ஒரு நாள்

அந்தக் காலத்தில் கோழிக்கும் பேச்சு உண்டு. கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. இல்லாதது நேரம் காலம்தான். மேயும்போதும் ஓடும்போதும் முட்டை அது பாட்டுக்கு விழும். ஓடு கட்டாத தோல்முட்டை. அதை நாய் நக்கிவிட்டுப் போகும். ஒரு குஞ்சைக்கூட அந்தப் பெட்டைக்கோழி பார்த்ததில்லை.

ஒருநாள் அந்தி சாய்ந்ததும் அது இருட்டிடம் அழுதது.

"பகலெல்லாம் நீ ஓடிக்கிட்டே இருக்கே. நான் வந்தாத்தான் ஓரிடத்துல உக்காருறே. அதனால என் ஆளை உனக்குத் தர்றேன்" என்றது இருட்டு.

அந்த ஆள் கடுகளவே இருந்த ஒரு தமுக்குக்காரி. கோழியின் தலைக்குள் குடியேறினாள். தினமும் இருட்டில் ஒருமுறை அவள் தமுக்கு அடித்தால்தான் அடுத்த முட்டை உள்ளே கிளம்பும். வெளிச்சத்தில் அடித்தாலோ தமுக்கு கிழிந்துவிடும். இருட்டு போட்ட ஒரே நிபந்தனை அது.

கோழி, தன்னை வளர்த்த பூவாயி வீட்டுக் கூடையில் கெட்டியான முட்டையாக இட்டது. பூவாயி அடை வைத்தாள். ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன. கோழிக்குத் தலைகால் புரியவில்லை.

குஞ்சுகள் வளர்ந்து பிரிந்ததும் கோழி மறுபடி முட்டையிடத் தொடங்கியது. ஆனால் நல்ல ஓடு கட்ட ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை. மேற்கொண்டு சில நாழிகை பிடித்தது. ஓடு கட்டி முடியும்வரை தமுக்குக்காரி முகம் சுளிக்காமல் காத்திருந்தாள். அதனால் தமுக்கும் தினம் கொஞ்சம் தள்ளிப் போனது. காலையில் இட்ட முட்டை உச்சிக்கு வந்தது, பிறகு பிற்பகலுக்கு. கடைசியில் ஒருநாள் அவள் காத்திருக்கும்போதே விடிந்துவிட்டது. தமுக்கு ஒலிக்கவில்லை; அன்று அந்திக்குப் பிறகுதான் ஒலித்தது.

மறுநாள் பூவாயியின் புருஷன் மாரப்பன் கூடையில் கைவிட்டுப் பார்த்தான். காலி.

"தீனிக்கு மட்டும் ஓடி வந்துருது. முட்டையக் காணோம். இன்னைக்குக் குழம்பு வெச்சரலாம்" என்று கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான்.

கோழியின் தலைக்குள் தமுக்குக்காரி, முட்டையை அவசரப்படுத்தக் குச்சியைத் தூக்கினாள். "கிழிஞ்சா கிழியட்டும். உன் உசுரைவிடவா தமுக்குப் பெருசு?"

"வேண்டாம்!" கோழி வாய்விட்டே கத்திவிட்டது. "ஒம்பது குஞ்சு பார்த்தேன்னா அது உன்னாலதான். தினமும் எனக்காகக் காத்துக்கிட்டுக் கிடந்தவ நீ. உன்னைக் கெடுத்துட்டு நான் பொழைக்க மாட்டேன்."

பூவாயி திரும்பிப் பார்த்தாள். "யாருகிட்டப் பேசறே?"

கோழி ஒன்றுவிடாமல் சொன்னது. பூவாயி எழுந்து போய்க் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, மாசத்துல மூணு நாளு நானுந்தான் இடுப்பு வலியில சுருண்டு படுத்துக்கறேன். என்னையும் சட்டியில போட்டுருவீங்களா?"

மாரப்பன் தீட்டுக்கல்லைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான், கடைசியில் கம்பங்கூழே போதும் என்றான்.

அன்று பூவாயி கோழிக்கு ஒரு பிடி கம்பு கூடுதலாக இறைத்தாள். அந்தி சாய்ந்ததும் தமுக்கு ஒலித்தது. மறுநாள் விடியலில் கெட்டியான முட்டை ஒன்று கூடையில் இருந்தது. கோழியால் சந்தோஷம் தாங்க முடியவில்லை. வாசலுக்கு ஓடிவந்து இருட்டுக்கும், தலைக்குள் இருந்தவளுக்கும், பூவாயிக்கும் தொண்டை கிழிய நன்றி சொன்னது.

அப்படிக் கத்தியதில் கோழிக்குப் பேச்சு போய்விட்டது; நன்றி மட்டும் போகவில்லை. அன்று தொட்டுத்தான் கோழி, முட்டையைத் தினம் கொஞ்சம் தாமதமாக இட்டு, நடுவில் ஒரு நாள் விட்டு, மறுபடி காலையிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு முட்டைக்கும் ஊரைக் கூட்டுகிற மாதிரி கொக்கரிக்கிறது. அந்த ஒரு நாள் கூடை காலியாக இருந்தால், பூவாயி வழியில் வந்த பெண்கள் யாரும் கத்தியைத் தேடுவதில்லை. ஒரு பிடி கம்பு கூடுதலாக இறைக்கிறார்கள்.