மூஞ்சூறு இருந்த விரதம்

குளக்கரைப் புதரில் ஒரு மூஞ்சூறு தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்தது. அதற்கு ஓயாத பசி. விடிந்தால் மண்புழு, சற்று நேரத்தில் வெட்டுக்கிளி, அது இறங்குமுன் ஒரு கரப்பான்.

குளத்தில் ஓர் ஆமை இருந்தது. நாலு வாய் பாசி தின்றால் இரண்டு நாள் கரைக்கல்லில் கண்மூடிக் கிடக்கும்.

"அக்கா, உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டது மூஞ்சூறு.

"யாருடி எண்ணி வச்சா! உன் பாட்டிக்குப் பாட்டியையே நான் இந்தக் கரையில பார்த்திருக்கேன்!"

மூஞ்சூறுக்குத் திக்கென்றது. அதன் இனத்தில் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்ப்பவர்களே குறைவு. "என் பிள்ளைங்க குட்டி போடுறதைப் பார்த்துட்டுக் கண்ணை மூடணும்க்கா. நீங்க என்னதான் செய்றீங்க?"

ஆமைக்குப் பெருமை தாங்கவில்லை. "கொஞ்சமா திங்கணும், சும்மா கிடக்கணும். அவ்வளவுதான்!"

மூஞ்சூறு கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு மறுநாள் விடியலிலேயே விரதம் தொடங்கியது. ஆமைக்குப் பக்கத்தில் அதைப் போலவே அசையாமல் படுத்துக்கொண்டது.

வெயில் ஏறியது. குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்தன.

"அம்மா, பாலே வரலை!"

"பொறுங்கடா கண்ணுகளா. உங்களுக்காகத்தான் அம்மா பட்டினி கிடக்கிறேன்."

உச்சிப்பொழுதில் அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஆமை கண்ணைத் திறந்தது.

"என்னடி இது! எழுந்து போய் எதையாவது தின்னு!"

"போங்கக்கா! நீங்க மட்டும்தான் நெடுநாள் இருக்கணுமா?"

"அடி அசடே! என் நெஞ்சு ஒரு தடவை அடிக்கிறதுக்குள்ள உன் நெஞ்சு ஐம்பது தடவை அடிக்குது. நீ எரியுற அடுப்பு! விறகை இழுத்துட்டா அணைஞ்சு போயிடுவே!"

மூஞ்சூறு தலையைக் கல்லில் சாய்த்தது. வாயைத் திறக்கவும் அதற்குத் தெம்பில்லை.

ஆமை பதறிப்போய், நேற்றுத் தான் சொன்ன வார்த்தையை நினைத்து அழுதுகொண்டே இரை தேடப் போனது. ஒரு நத்தையைக் கவ்விக்கொண்டு, தன்னால் முடிந்த வேகத்தில் திரும்பி வந்தது. ஆமையின் வேகம் எவ்வளவு இருக்கும்? அது வந்து சேர்வதற்குள் மூஞ்சூறு விறைத்துக் கிடந்தது.

மூத்த குட்டி தாயின் வாலைக் கவ்வியிருந்தது. அதன் வாலை இரண்டாவதும், இரண்டாவதன் வாலைக் கடைக்குட்டியும் கவ்வியபடி, வழக்கம்போல் அம்மா எழுந்து முன்னால் நடப்பாள் என்று வரிசையாகக் காத்து நின்றன.

கடவுள் ஒவ்வோர் உடம்புக்கும் ஒவ்வொரு பசியை வைத்திருக்கிறார். அடுத்தவர் உடம்பைப் பார்த்து நம் உடம்பை வருத்தினால், இருக்கிற ஆயுளும் போய்விடும்.