வைர அட்டைக்கு ஓர் இரவு

தெய்வானை அம்மை ஆண்டுக்கு ஒரு முறை, மார்கழியில், கோயம்புத்தூருக்கு வருவார். ஓர் இரவு தங்குவார். விடிந்ததும் கிளம்பிவிடுவார். தங்குவது எப்போதும் பீளமேட்டில், நாச்சிமுத்து வீட்டில்தான்.

அம்மை பழைய மில்காரி. நூற்பாலை வேலைநிறுத்தத்தில் இரண்டு முறை சிறைக்குப் போனவர். மில்லை மூடி மனை போட்டு விற்ற பிறகு, வெள்ளைச் சேலையும் துணிப்பையுமாக, துறவியாக ஊர் ஊராக நடக்கத் தொடங்கினார். வேலைநிறுத்த நாளில் நாச்சிமுத்து பேச்சுவார்த்தை மேசைக்கு அந்தப் பக்கம், நிர்வாகத்தோடு உட்கார்ந்திருந்த இளம் அதிகாரி. அன்றைக்கு அம்மையிடம் தோற்றவர்களில் அவர் ஒருவர்தான் பிற்பாடு அம்மையைத் தேடி வந்து சீடரானார். தோற்றவர்களுக்கு எப்போதாவது புத்தி வருவதுண்டு. ஜெயித்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இப்போது அவர் ஒரு பம்பு கம்பெனியில் விற்பனைத் தலைவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

அந்த மார்கழியில் அம்மை வந்து கால் கழுவி உட்கார்ந்தபோது, நாச்சிமுத்து இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பெட்டியுமாக நின்றுகொண்டிருந்தார்.

"எந்த ஊருக்குப் பயணம்?" என்று கேட்டார் அம்மை.

"வெளியூர் இல்லீங்க சாமி. இங்கதான், அவினாசி ரோட்டுல. பவளக்கொடி ஓட்டல்."

"வீடு ஒழுகுதா?"

"இல்லீங்க."

"டீச்சரோட சண்டையா?"

டீச்சர் என்பது அவர் மனைவி ருக்குமணி. அரசுப் பள்ளியில் புவியியல் நடத்துபவர். காப்பியை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "சண்டை போட ஆளு ஊர்ல இருந்தாத்தானுங்க சாமி."

நாச்சிமுத்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். பவளக்கொடிக்கு ஊர் ஊராக ஓட்டல்கள் உண்டு. அதில் அடிக்கடி தங்குகிறவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு இத்தனை இரவு தூங்கினால் வெள்ளி அட்டை, அதற்குமேல் தங்கம், அதற்கும் மேல் வைரம். வைரம் வந்துவிட்டால் அந்தமானில், கடலைப் பார்த்த அறையில், மனைவியோடு ஏழு நாள் இலவசம்.

"வைரத்துக்கு இன்னும் ஒரு ராத்திரிதானுங்க குறையுது. நாளைக்கு விடிஞ்சா வருசக் கணக்கு முடிஞ்சிரும். விட்டா மறுபடி முதல்ல இருந்து."

"கூட்டிட்டுப் போறேன்னு டீச்சருக்கு எப்பக் குடுத்த வாக்கு?"

"வெள்ளி வந்தப்பவே குடுத்ததுங்க," என்றார் ருக்குமணி. "அப்ப எம் பையன் பத்தாவது படிச்சான். இப்ப அவனுக்கே ஒரு பையன்."

"வெள்ளிக்கு ஒரு நாளுதான் தருவாங்க. தங்கத்துக்கு மூணு நாளு. போறதுதான் போறோம், முழுசாப் போலாம்னு..." நாச்சிமுத்து இழுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்தார். "இப்ப நீலத்துறைன்னு இன்னொரு ஓட்டல்காரன் கூப்பிடுறானுங்க. அங்க என்ன அந்தஸ்தோ அதையே இங்கயும் தர்றேங்கிறான். இதுல இருக்கறதா, அதுல சேர்றதா? எம் பயணத்துக்கு எதுங்க பொருந்தும்? சாமிதான் சொல்லணும்."

மற்ற சீடர்கள் முக்தியைப் பற்றிக் கேட்பார்கள். நாச்சிமுத்து இதைக் கேட்டார். அம்மை சிரிக்கவில்லை. கூலி உயர்வைப் பற்றிப் பேச வந்தவர்கள் சொன்னதையெல்லாம் எந்த முகத்தோடு கேட்டாரோ, அதே முகத்தோடு கேட்டார்.

"அந்த ஓட்டலை நான் பாக்கணும்," என்று எழுந்தார். "டீச்சர், நீயும் கிளம்பு."

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு லேசானது. அம்மை வந்த இரவில் வீட்டில் இல்லாமல் போகிறோமே என்று காலையிலிருந்தே ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. அம்மையே கூட வந்து வழியனுப்பினால் பாவம் பாதிதான்.

ஓட்டல் வாசலில் அம்மையின் துணிப்பையைச் சோதனை எந்திரம் இரண்டு முறை விழுங்கித் துப்பியது. உள்ளே இருந்தது ஒரு மாற்றுச் சேலை, ஒரு தம்ளர். ஏழையின் பை என்றால் எந்திரத்துக்கும் சந்தேகம்தான்.

வரவேற்பு மேசையில் ஓர் இளம்பெண். எழுந்து வந்து நாச்சிமுத்துவுக்குச் சந்தன மாலை போட்டாள்.

"வாங்க சார். எங்கிருந்து வர்றீங்க? பயணமெல்லாம் சௌகரியமா இருந்ததா?"

நாச்சிமுத்து மனைவியின் பக்கம் திரும்பாமல், "சென்னை," என்றார்.

"அடடா, களைப்பா இருப்பீங்களே."

"இருக்குமுங்க," என்றார் ருக்குமணி. "வழியில ஒரு சிக்னல்."

பெண்ணுக்குப் புரியவில்லை. ருக்குமணிக்கும் ஒரு மாலை போட்டாள். "மேடம் நம்ம ஓட்டலுக்கு முதல் தடவையா?"

"உள்ளே வர்றது முதல் தடவைங்க. மத்தபடி பழக்கம்தான். உங்க சோப்புக்கட்டி எல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வருது."

நாச்சிமுத்து அவசரமாக அட்டையை எடுத்து நீட்டினார். பெண் அதை வாங்குவதற்குள் அம்மை மேசைமேல் கை வைத்தார். அந்தக் கை அப்படி மேசைக்கு வந்தால் என்ன பொருள் என்று நாச்சிமுத்துவுக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

"கண்ணு, எனக்கொரு சந்தேகம். இவரு வைரம் ஆயிட்டா, அந்த ஏழு நாளுக்கு எப்பப் போலாம்?"

"எப்ப வேணும்னாலும் போலாம்மா."

"மே மாசம்?"

பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "மே மட்டும் கிடைக்காதும்மா. சீசன். காசு குடுத்து வர்றவங்களுக்கே ரூம் பத்தாது."

"கிறிஸ்துமஸ் லீவுல?"

"அதுவும் இல்லம்மா."

"பொங்கலுக்கு? பூஜை லீவுக்கு?"

பெண்ணின் குரல் தணிந்தது. "லீவு நாள்ல எல்லாம் இலவச ரூம் தரமாட்டாங்கம்மா. ஜூலை, ஆகஸ்டுல தாராளமாப் போலாம். மழைதான் கொஞ்சம் இருக்கும். பிப்ரவரிகூட நல்லா இருக்கும்."

"பிப்ரவரியில எங்க பிள்ளைங்களுக்குப் பிராக்டிகல் பரீட்சை," என்றார் ருக்குமணி.

அம்மை சீடரைப் பார்த்தார். "இதை நீ கேட்டதில்லையா?"

நாச்சிமுத்து, பம்பு விற்கும் ஒப்பந்தம் என்றால் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக்கூட விடமாட்டார். இன்னும் எத்தனை இரவு வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டிருக்கிறார். எந்த மாதம் என்று ஓட்டலில் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதில்லை.

"எங்க மில்லுல நிலுவை போனஸ் தர்றேன்னாங்க," என்றார் அம்மை, யாரிடமோ சொல்வது போல. "ஆபீசுல வந்து வாங்கிக்கணும். ஆபீசை ஷிப்டு நேரத்துல மட்டும் திறந்து வெப்பாங்க. ஷிப்டை விட்டு வந்தா அரை நாள் கூலி போச்சு. ஷிப்டு முடிச்சு வந்தா பூட்டு. தரமாட்டேன்னு அவங்க ஒரு நாளும் சொல்லலை."

மேசைப் பெண் ஆவலாகக் கேட்டாள். "அப்புறம் என்னம்மா செஞ்சீங்க?"

"மிசினை நிறுத்தினோம்."

பெண்ணுக்குத் தன் வேலை நினைவு வந்தது. "அட்டையைக் குடுங்க சார். சாவி தர்றேன்."

நாச்சிமுத்துவின் கை பாதி வழி போயிற்று. நின்றது. அட்டையைப் பைக்குள் போட்டார்.

"வேண்டாம்மா. ரூமை ரத்துப் பண்ணிரு."

"சார், இன்னிக்கு ஒரு நைட்டுதான் சார்! வைரம் சார்!"

"தெரியும் கண்ணு."

"சென்னையில இருந்து இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"நான் பீளமேடும்மா," என்றார் நாச்சிமுத்து. சொல்லிவிட்டுச் சிரித்தார். செருப்புக்குள் கிடந்த கல்லை உதறிவிட்டு முதல் அடி வைக்கிறவனின் சிரிப்பு அது. இத்தனை வருடம் நொண்டியது, கல் எடுத்த பிறகுதான் தெரிந்தது. மாலையைக் கழற்றிப் பெண்ணிடமே கொடுத்தார். ருக்குமணி கொடுக்கவில்லை, நல்ல சந்தனமாக இருந்தது.

வெளியே பொழுது சாயவில்லை இன்னும். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, மார்கழிக் குளிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டினார் நாச்சிமுத்து. ராத்திரிக்கு அரிசியும் பருப்பும் சாதம் செய்யச் சொன்னார். அம்மைக்குப் பிடிக்கும் என்றார். அவருக்கும் பிடிக்கும்.

"சரிங்க சாமி, அப்ப எதுலதான் சேர்றது?"

அம்மை ருக்குமணியின் பக்கம் திரும்பினார். "டீச்சர், உனக்கு எங்க போகணும்?"

ருக்குமணி யோசிக்கவே இல்லை. "தனுஷ்கோடிங்க. ரெண்டு பக்கமும் கடல். முப்பது வருசமாப் படம் போட்டு நடத்துறேன். பாத்ததில்லை."

"எப்ப?"

"மே மாசம். பரீட்சைத் தாள் திருத்தி முடிச்சதும்."

"கேட்டியா? அந்த மாசம், அந்தப் பக்கம், யாரு உங்களுக்குக் கதவு திறக்கிறாங்களோ அவங்ககிட்டச் சேரு."

நாச்சிமுத்து தலையாட்டினார். நீலத்துறைக்காரனின் துண்டறிக்கையை எடுத்து ருக்குமணியிடம் கொடுத்தார். அதில் மிக்சர் பொட்டலம் கட்டினால் எண்ணெய் வடியுமா என்று பார்ப்பது போல அவர் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

வீட்டுத் தெரு திரும்பும்போது நாச்சிமுத்து மெல்ல ஆரம்பித்தார்.

"ஒண்ணுதானுங்க சாமி மனசுல நிக்குது. அந்த ஓட்டல்ல எந்த ஊருக்குப் போனாலும், ரூமுல போனை எடுத்தா, 'நாச்சிமுத்து சார், சொல்லுங்க'ம்பாங்க. அதுல ஒரு இது இருந்துச்சுங்க. ராமேசுவரத்துப் பக்கம் எம் பேரு யாருக்குங்க தெரியும்?"

"கூட வர்றவளுக்குத் தெரியும்."

"அவ எங்கீங்க சொல்லப் போறா? தாலி கட்டின நாள்ல இருந்து ஒரு தடவை எம் பேரைச் சொன்னதில்லை."

ருக்குமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"சொல்ல மாட்டா," என்றார் அம்மை. "அட்டையைக் காட்டுன்னும் கேக்க மாட்டா."